முடவன் முழுக்கும் மூன்று வாய்தாவும்

ஐப்பசி மாதம் முழுக்க மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் காவிரிக் குளியல் விசேஷம். அதிலும் கடைசி நாளான கடைமுகத்தன்று படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு சமயம், கால் முடியாத ஒருவர் வெகுதூரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்து சேர்ந்தாராம். அதற்குள் ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்துவிட்டது. கூட்டம் கலைந்து, படித்துறை காலியாகக் கிடந்தது. அவர் அழுது முறையிட, மாயூரநாதர் மனமிரங்கி, ‘இன்றைக்குக் குளி, அதே புண்ணியம் உண்டு’ என்று ஒரு நாள் நீட்டிக் கொடுத்தார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கார்த்திகை 1ஆம் தேதி ‘முடவன் முழுக்கு’ என்று இன்றும் நடக்கிறது.

எங்கள் வக்கீலிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். “லிமிடேஷன் சட்டம் நாலாவது பிரிவுங்க” என்று சிரித்தார். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 4ஆவது பிரிவைத்தான் சொன்னார். வழக்கோ மேல்முறையீடோ தாக்கல் செய்யக் கடைசி நாள் எதுவோ, அன்று கோர்ட் மூடியிருந்தால், மறுபடி திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்கிறது அது. கோர்ட் வழக்கமாக இயங்கும் நேரத்தில் ஒரு பகுதி மூடியிருந்தாலும் அன்று மூடியிருந்ததாகவே கணக்கு.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது வக்கீல் சொன்னது கொஞ்சம் பிசகு என்று பட்டது. 4ஆவது பிரிவு, கதவு சாத்தியிருந்ததால் உள்ளே போக முடியாதவருக்கு. முடவர் வந்தபோது கதவு திறந்தே இருந்தது, அவர்தான் பிந்தி வந்தார். ஆக அது 5ஆவது பிரிவு: தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் மேல்முறையீட்டையும் மனுவையும் கோர்ட் ஏற்றுக்கொள்ளலாம். புது வழக்குக்கு இந்தச் சலுகை கிடையாது.

பண்டிகைக்காகக் கோர்ட் நடவடிக்கை தள்ளிப்போவதைப் பற்றிப் பேசும்போதும் இந்த இரண்டைத்தான் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கோர்ட்டே கதவைச் சாத்திக்கொள்வது ஒன்று. அதை யாரும் கேட்க வேண்டாம், எல்லோருக்கும் தானாகக் கிடைக்கும். கதவு திறந்திருக்கும்போது ஒருவர் வந்து ‘எனக்கு இன்று விசேஷம், தள்ளி வையுங்கள்’ என்று கேட்பது இன்னொன்று. முதலாவதற்குப் பெயர் விடுமுறை, இரண்டாவதற்குப் பெயர் வாய்தா. எந்தப் பண்டிகை எந்தப் பக்கம் விழுகிறது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது.

விடுமுறையை எடுத்துக்கொள்வோம். பொங்கல், தீபாவளி, ரம்ஜான், பக்ரீத், புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் எல்லாம் அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் உண்டு. தைப்பூசம் 2021இல்தான் உள்ளே வந்தது. ஆனால் டெல்டாக்காரனின் வருஷம் இந்தப் பட்டியலுக்குள் அடங்குவதில்லை. திருவாரூர் ஆழித்தேர், தஞ்சைப் பெரிய கோவில் சித்திரைத் தேர், நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணி மாதா திருவிழா, ராஜராஜன் சதய விழா, கடைமுகம், ஆடி 18, அப்புறம் ஊருக்கு ஊர் ஒரு மாரியம்மன், ஒரு அய்யனார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பகோணத்தில் மகாமகம் வேறு. 2016இல் நடந்தது, அடுத்தது 2028இல். ஒருவரிடம் ‘உங்கள் வருஷத்தில் எது பெரிய நாள்?’ என்று கேட்டால் அவர் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வரிசையிலிருந்துதான் வரும்.

இவற்றில் பெரிய விழாக்களுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார். அந்த அறிவிப்பை முழுசாகப் படித்துப் பாருங்கள். ‘இது 1881ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வரும் பொது விடுமுறை அல்ல, எனவே கருவூலங்கள் குறிப்பிட்ட பணியாளர்களோடு இயங்கும்’ என்று ஒரு வரி இருக்கும். ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்றும் இருக்கும். தேர் பார்க்கக் கிளம்புகிறவருக்கு 1881ஆம் ஆண்டுச் சட்டம் எதற்கு என்று தோன்றும். உண்டியல் (ஹுண்டி என்கிற பணச் சீட்டு), பிராமிசரி நோட்டு போன்றவற்றுக்கான சட்டம் அது. அதன் 25ஆவது பிரிவுதான் எது பொது விடுமுறை என்று சொல்கிறது. அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நோட்டின் தவணை விடுமுறை நாளில் முடிந்தால், பணம் அதற்கு முந்தைய வேலை நாளிலேயே கொடுபட வேண்டும். கோர்ட் தவணை என்றால் அடுத்த வேலை நாளுக்கு நகரும். ஒரே தீபாவளி, கடன்காரனைப் பின்னுக்கு இழுக்கிறது, வழக்காடுகிறவனை முன்னுக்குத் தள்ளுகிறது.

சரி, ஆட்சியர் விடுமுறை விட்டால் கோர்ட்டுக்கும் விடுமுறையா? தானாக இல்லை. அரசியலமைப்பின் 235ஆவது பிரிவுப்படி மாவட்டத்து நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அவற்றுக்கான நாட்காட்டியும் அங்கிருந்துதான் வருகிறது. பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது, ரேஷன் கடை மூடியிருக்கிறது, கோர்ட்டும் மூடித்தானே இருக்கும் என்று தேருக்குப் போய்விட்டு, மறுநாள் எக்ஸ்பார்ட்டி (நாம் வராததால் எதிர்த்தரப்பை மட்டும் கேட்டு முடிவு) ஆகிவிட்டது என்று தலையில் கை வைத்தவர்கள் உண்டு. உள்ளூர் விடுமுறை என்று செய்தி வந்தால் முதல் வேலையாக வக்கீல் குமாஸ்தாவுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

கோர்ட் காலண்டரில் மதம் கலந்திருப்பது நம்மூர் பழக்கம் மட்டும் இல்லை. பழைய ரோமில் வழக்கு கேட்கத் தகுந்த நாள், தகாத நாள் என்று தெய்வ காரியத்தை ஒட்டியே நாளைப் பிரித்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை நீதி நாள் கிடையாது என்பது பழஞ்சட்டம். அவர்களுடைய கோர்ட் பருவங்களுக்கு ஹிலரி, ஈஸ்டர், டிரினிட்டி, மைக்கேல்மஸ் என்று இன்றும் தேவாலயத் திருநாட்களின் பெயர்தான். நமக்கு ஞாயிறு விடுமுறை வந்த வழியும் அதுவே. ஆகவே ‘கோர்ட்டுக்கு எதற்குப் பண்டிகை?’ என்று கேட்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் அதைக் கேட்கிறார்கள்.

இனி வாய்தா. அரபியில் வாக்குறுதி என்று பொருள்படும் சொல், உருது வழியாக வந்து நம் கோர்ட் வராந்தாவில் குடியேறிவிட்டது. இன்ன நாளில் வருகிறேன் என்று கொடுத்த வாக்கு, இப்போது இன்றைக்கு இல்லை என்பதற்கான பெயராகிவிட்டது.

சிவில் வழக்கில் இதற்கான விதி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆவது கட்டளை. போதிய காரணம் காட்டினால், அந்தக் காரணத்தை எழுதிவைத்து, கோர்ட் தள்ளி வைக்கலாம். ஆனால் விசாரணைக் கட்டத்தில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் கூடாது. 2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த வரம்பு இது. தள்ளி வைப்பதால் ஆகும் செலவு பற்றியும் கோர்ட் உத்தரவிட வேண்டும். வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை என்பது காரணமே ஆகாது என்றும் எழுதியிருக்கிறது. (நடைமுறையில் அதிகம் கேட்கிற காரணம் எது என்று நான் சொல்லவும் வேண்டுமா?) கிரிமினல் பக்கம், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 346ஆவது பிரிவு இன்னும் கறார்: ஒரு தரப்பின் கைமீறிய சூழ்நிலை இருந்தால், எதிர்த்தரப்பின் ஆட்சேபத்தையும் கேட்டு, காரணத்தை எழுதி, இரண்டு முறைக்கு மிகாமல் தள்ளி வைக்கலாம். சாட்சி வந்து நிற்கும்போது, தனிக் காரணம் எழுதாமல், அவரை விசாரிக்காமல் அனுப்பக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு நாள் வர முடியாவிட்டால் வக்கீல் மூலம் மன்னிப்பு மனு போடுவார். பழைய சட்டப் பிரிவின் எண்ணை வைத்து அதை ‘317 பெட்டிஷன்’ என்பார்கள். பிரிவு எண் இப்போது 355 ஆகிவிட்டது, வாயில் 317 போகவில்லை.

மூன்று முறை என்ற கணக்கு இறுக்கமானதா என்ற கேள்வி நம்ம சேலத்து வக்கீல் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005இல் தீர்ப்பு வந்தது. வாய்தா யாருக்கும் உரிமை இல்லை, அதே சமயம் மனித சக்திக்கு மீறியது நடந்தால் மூன்றைத் தாண்டியும் கொடுக்கலாம் என்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று சுனாமி. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் நடந்ததைப் பார்த்தவர்களுக்குக் ‘கைமீறிய சூழ்நிலை’ என்ற சொல்லுக்கு உரை தேவையில்லை.

அந்தச் சொல்லைப் பண்டிகையோடு உரசிப் பாருங்கள். கடைமுகமும் ஆடி 18உம் சூரியக் கணக்கு, வருஷா வருஷம் ஒரு நாள் முன்னே பின்னே அதே ஆங்கிலத் தேதியில் விழும். வேளாங்கண்ணி ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா, மாறவே மாறாது. ஆழித்தேர் போல நட்சத்திரத்தை ஒட்டி வருபவை நகரும், ஆனால் ஒரு வருஷம் முன்பே பஞ்சாங்கத்தில் அச்சாகிவிடும். பிறை பார்த்து முடிவாகும் நாட்கள் மட்டும்தான் உண்மையில் கடைசி நேரம் வரை உறுதியில்லாதவை. தலைமை காஜி அறிவித்த பிறகு அரசு விடுமுறையே ஒரு நாள் தள்ளிப்போவதும் உண்டு. நாகூர் கந்தூரியும் பிறைக் கணக்குதான். ஆகவே ‘நாளை ரம்ஜான் ஆகிவிட்டது’ என்று முதல் நாள் மாலை வருகிற வேண்டுகோளையும், ‘இன்று எங்கள் ஊர்த் தேர்’ என்று அன்று காலை பதினொரு மணிக்கு வருகிற வேண்டுகோளையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முதலாவது கைமீறியது. இரண்டாவது, கேட்க வேண்டிய நாளில் கேட்காதது. பண்டிகை பெரிதா சின்னதா என்று நீதிபதி அளந்து பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அய்யனார் பொங்கலும் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய நாள்தான். எப்போது சொன்னீர்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. சித்தப்பா வகையில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. டெல்டாவில் ஒரு முன்சீப் கோர்ட், எந்த ஊர் என்பது வேண்டாம். எங்கள் தரப்பு இரண்டாவது சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய ஒரு தேதி கொடுத்தார்கள். அது ஆடி 18. தேதி சொன்னபோது அங்கே நின்ற யாருக்கும் அது உறைக்கவில்லை, எனக்கும்தான்.

சாட்சி, ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். எழுபது தாண்டியவர். வேதாரண்யம் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, பத்து மணிக்கெல்லாம் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மஞ்சள் பையில் ஒரு அடங்கல் நகலும், இரண்டு இட்லிப் பொட்டலமும். டபேதார் மூன்று முறை கூப்பிட்டார். எதிர்த்தரப்பில் வக்கீல் மட்டும் எழுந்தார். “கட்சிக்காரர் வீட்டில் புதுசா கல்யாணமான பொண்ணும் மாப்பிள்ளையும் வந்திருக்காங்க ஐயா, இன்னைக்கு ஆத்தங்கரைக்குப் போயிட்டாங்க. அவர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் கிராஸ் பண்ணணும், ஒரு வாய்தா வேணும்.” பொய்யில்லை. தாலிக்கயிறு மாற்றி, காப்பரிசி வைத்து, முளைப்பாரி விடுகிற நாள்தான் அது. எங்கள் வீட்டிலும் அன்று சித்ரான்னம் கட்டி வைத்திருந்தார்கள்.

நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டினார். ஏற்கெனவே இரண்டு வாய்தா. மூன்றாவதையும் கொடுத்தார், சாட்சிக்கு 500 ரூபாய் கட்டச் சொல்லி. வெளியே வந்ததும் பெரியவர் என்னைப் பார்த்து, “ஏன் தம்பி, ஆடிப் பதினெட்டு இன்னைக்குன்னு அவங்களுக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுதா?” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. தேதி கொடுத்த அன்றைக்கு நானும் பக்கத்தில்தானே நின்றேன். அவர் இட்லியைப் பிரித்துப் பாதி எனக்குக் கொடுத்தார்.

வாய்தாவின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். சிவில் வழக்கில் அது ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு நாள் கூலியும். நடவு, அறுப்பு சமயமாக இருந்தால் இன்னும் கூட. கிரிமினல் வழக்கில் ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருப்பவருக்கு அது இன்னும் பதினைந்து நாள் ஜெயில். அதனால்தான் சில விஷயங்களில் சட்டம் பண்டிகையைக் கண்டுகொள்வதே இல்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு. தீபாவளியன்று பிடித்தாலும் அதே 24 மணி நேரம்தான். மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நிற்கும். மே மாதம் சிவில் கோர்ட்டுகள் மூடினாலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளுக்கு அந்த விடுமுறை கிடையாது. கொரோனா காலத்தில் எல்லாக் காலவரையறையும் நீட்டிக்கப்பட்டபோது, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் 60, 90 நாள் கெடுவும் (அது தவறினால் உள்ளே இருப்பவருக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும்) நீண்டதாகப் போலீஸ் தரப்பு வாதிட்டது. நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலிருந்து போன காசி என்பவர் வழக்கில், 2020இல், உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உள்ளே இருப்பவரின் சுதந்திரத்தை அந்த நீட்டிப்பு தொடாது என்றது.

கதவு சாத்தியதால் கிடைக்கும் சலுகைக்கும் எல்லை உண்டு. அசாம் குடிநீர் வாரிய வழக்கு என்று 2012இல் ஒரு தீர்ப்பு. நடுவர் தீர்ப்பை (கோர்ட்டுக்கு வெளியே மத்தியஸ்தர் சொல்வது) எதிர்த்து மூன்று மாதத்துக்குள் மனு போட வேண்டும், போதிய காரணம் இருந்தால் கூடுதலாக 30 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. அந்த வழக்கில் மூன்று மாதம் 2003 நவம்பர் 26இல் முடிந்துவிட்டது. கூடுதல் 30 நாள் டிசம்பர் 26இல் முடிந்தது. கோர்ட் கிறிஸ்துமஸ் விடுமுறைக்காக டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை மூடியிருந்தது. ஜனவரி 2ஆம் தேதி, திறந்த அன்றே மனு போட்டார்கள். செல்லாது என்றாகிவிட்டது. 4ஆவது பிரிவு, சட்டம் விதித்த அசல் காலத்துக்குத்தான். சலுகையாகக் கொடுத்த காலம் விடுமுறையில் முடிந்தால் அதற்கு மேலும் ஒரு சலுகை கிடையாது. மாயூரநாதரும் அப்படித்தான். கார்த்திகை 1ஆம் தேதிக்கு முழுக்கு உண்டு, 2ஆம் தேதி வருகிறவனுக்கு அது வெறும் குளியல். எனக்கு இந்தத் தீர்ப்பு கொஞ்சம் கடுமையாகவே படுகிறது, கதவு சாத்தியிருந்தது அவர்கள் தப்பில்லையே. ஆனால் சட்டம் இன்று அதுதான்.

பட்டியலில் இல்லாத நாளைக் கடைப்பிடிப்பவர் கேட்டால் என்ன செய்வது என்பது பழைய தலைவலி. 1793இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜோனாஸ் பிலிப்ஸ் என்ற யூதரைச் சனிக்கிழமை சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அது எங்கள் ஓய்வு நாள், சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். பத்து பவுண்டு அபராதம் போட்டது கோர்ட். கடைசியில் அவரை அழைத்த தரப்பு சாட்சியே வேண்டாம் என்று விட்டுவிட, அபராதமும் தள்ளுபடியானது. ஆக, கேள்விக்குப் பதிலே வரவில்லை, நழுவிவிட்டார்கள். இங்கே 2015இல் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகள் மாநாடு புனித வெள்ளியன்று தொடங்கியபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி குரியன் ஜோசப் ஆட்சேபித்துத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். மாநாடு நடந்தது. நாடு முழுவதும் விடுமுறையான நாளுக்கே, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கே இந்த நிலை என்றால், குலதெய்வத்துக்குக் காப்புக் கட்டியிருக்கும் விவசாயி எந்த வாயைத் திறந்து கேட்பார்?

அவர் கேட்பதில்லை. வராமல் இருந்துவிடுகிறார், அவ்வளவுதான். பிடிவாரண்டு வந்த பிறகுதான் சங்கதி தெரியும். கேட்கத் தெரிந்தவர்கள் வேறு ரகம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகும் வக்கீல் ஒரு ‘பாஸ் ஓவர்’ கேட்டால் கட்டு கொஞ்சம் கீழே போகும், உணவு இடைவேளைக்குப் பிறகு மேலே வரும். ஒருவருக்கும் நஷ்டமில்லை, பெரும்பாலும் யாரும் ஆட்சேபிப்பதும் இல்லை. சபரிமலைக்கு மாலை போட்ட வக்கீலுக்குக் கறுப்பு அங்கியால் வசதிதான். ஒரு மண்டலம் கோர்ட்டுக்கும் வந்துகொண்டிருப்பார், மலைக்குப் போகும் நாளை மட்டும் முன்கூட்டியே டைரியில் அடித்து வைத்திருப்பார். பண்டிகை வாய்தா என்றாலே ‘காரியம் கெடுகிறது’ என்று அங்கலாய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லியும், கோர்ட் புறக்கணிப்பில் போகிற நாட்களை யார் எண்ணுகிறார்கள்?

செய்ய வேண்டிய வேலை மிகச் சின்னது. தேதி போடுகிற இடத்தில் பெஞ்ச் கிளார்க் மேஜையில் ஒரு நாள்காட்டி தொங்கினால் போதும், நல்ல நேரம், கரிநாள், பிறை, திருவிழா எல்லாம் போட்டிருக்கிற, மளிகைக் கடையில் சும்மா கொடுக்கிற அதே காலண்டர். கட்சிக்காரரும் தேதி சொன்ன அந்த நிமிஷமே வாயைத் திறக்க வேண்டும்.

எங்கள் வழக்கு அதன்பிறகு செப்டம்பரில் ஒருமுறை வந்தது. பெரியவரைக் குறுக்கு விசாரணை செய்து முடித்தார்கள், இருபது நிமிஷம். அக்டோபரில் பூஜை விடுமுறை குறுக்கே வந்தது. எதிர்த்தரப்பு சாட்சிக்கு நவம்பர் 15 என்று நீதிபதி சொன்னார். வாசலோரம் நின்ற டபேதார் மெல்ல, “ஐயா, அன்னைக்குக் கடைமுகமா இருக்கும்” என்றார். நீதிபதி வெளியூர்க்காரர், நிமிர்ந்து பார்த்தார். “மறுநாள்?” என்றார். இரு தரப்பு வக்கீல்களும் ஒரே சமயத்தில், “அது முடவன் முழுக்குங்க ஐயா.” கோர்ட்டில் லேசான சிரிப்பு. 20ஆம் தேதி என்று எழுதிக்கொண்டார்கள். அன்று எல்லோரும் வந்திருந்தோம்.